பரபக்கத்திலிருந்து ஒரு வரலாறு

இந்தியத் தத்துவ மரபுகளில் மூலநூல் இல்லாமலேயே பேர் வாங்கிய மரபு ஒன்று உண்டென்றால் அது, சார்வாகம் என்றும் சொல்லப்படும் பொருள்முதல்வாதமாகிய உலோகாயதம்தான். சாங்கியத்துக்கு ஈஸ்வரகிருஷ்ணரின் காரிகை இருக்கிறது. நியாயத்துக்குக் கௌதமரின் சூத்திரமும் மீமாம்சைக்கு ஜைமினியின் சூத்திரமும் இருக்கின்றன. பிருகஸ்பதி இயற்றியதாகச் சொல்லப்படும் சூத்திரங்களோ, அவற்றை விளக்கிப் பிற்காலத்தார் எழுதிய உரைகளோ முழு நூலாக நம் கைக்கு வந்து சேரவில்லை. எஞ்சியவை எல்லாம் அந்த மரபை மறுக்க வந்தவர்கள் தங்கள் நூல்களில் எடுத்துக்காட்டிய துண்டு வாக்கியங்கள். பௌத்தர் மறுத்தார்கள், சமணர் மறுத்தார்கள், நையாயிகரும் வேதாந்திகளும் சைவர்களும் மறுத்தார்கள். மறுப்பதற்காக அவர்கள் எதிர்த்தரப்பின் கூற்றாக எழுதிவைத்த பரபக்கம்தான் இன்று நமக்குக் கிடைக்கும் உலோகாயதம். எதிராளியின் வாயிலிருந்து மட்டுமே அறியக் கிடைக்கும் ஒரு சிந்தனைக்கு வரலாறு எழுதுவது எப்படி? வங்காளத்து அறிஞர் தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவின் (1918-1993) வாழ்நாள் உழைப்பு இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது. அவரை மார்க்சியர் என்று கொண்டாடுவோரும் அதே காரணத்துக்காக ஒதுக்குவோரும் அவர் கண்ட முடிவுகளையே பேசுகிறார்கள். முடிவுகளில் பல இன்று நிற்கவில்லை. ஆனால் ஒரு தத்துவத்தைப் பற்றிய செய்தியை நமக்குத் தருவது யார், எதற்காகத் தருகிறார்கள் என்ற விசாரணையை இந்தியத் தத்துவ வரலாற்றின் முதல் வேலையாக ஆக்கியவர்களில் அவரே முதன்மையானவர். அவருடைய பிழைகள் பிற்பாடு வெளிப்பட்டதும் பெரும்பாலும் அந்த விசாரணையின் வழியாகத்தான்.

1918 நவம்பர் 19 அன்று கல்கத்தாவில் பிறந்த தேவிபிரசாத், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். அந்தத் துறைக்கு அப்போது இருந்த மதிப்புக்கு இரண்டு பெயர்கள் போதும்: சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சுரேந்திரநாத் தாஸ்குப்தா. ராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவ வரலாறு 1923லும் 1927லும் இரு தொகுதிகளாக வந்திருந்தது. தாஸ்குப்தாவின் பெருநூலின் முதல் தொகுதி 1922ல் வெளியாகி, அடுத்தடுத்த தொகுதிகள் வந்துகொண்டிருந்தன. இவ்விருவரின் நூல்களிலும் உலோகாயதம் எங்கே உட்கார வைக்கப்பட்டது என்பதைக் கவனித்தால் மாணவர் ஏன் வேறு வழி போனார் என்பது புரியும். ராதாகிருஷ்ணன் அதை ஒரு சிறிய அத்தியாயத்தில் முடித்துக்கொண்டார். தாஸ்குப்தா இன்னும் விரிவாக ஆராய்ந்தார், அரிய சான்றுகளையும் திரட்டினார். ஆனால் அந்த ஆராய்ச்சி 1940ல் வந்த மூன்றாம் தொகுதியின் கடைசியில், முதல் தொகுதிக்கான பிற்சேர்க்கை என்ற தலைப்போடு அச்சாயிற்று. இதைத் தாஸ்குப்தாவின் அலட்சியம் என்று சொல்ல முடியாது, அவ்வளவு சான்றுகளைத் தேடிப் பிடித்தவர் அவர். ஒரு மரபுக்கு முறையான சூத்திரமும் உரையும் இருந்தால்தான் அதற்கு அத்தியாயம் எழுதலாம் என்ற வரலாற்று முறையின் இயல்பான விளைவு அது. அந்த முறையில் நூலைப் பறிகொடுத்தவர்களுக்குப் பிற்சேர்க்கையைத் தவிர வேறு இடம் கிடைக்காது.

தேவிபிரசாத் கல்கத்தா சிட்டி கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தத்துவம் கற்பித்தார். கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு இளமையிலேயே சேர்ந்தவர், வங்காளியில் சிறுவர்களுக்கு அறிவியல் நூல்கள் எழுதியவர். 1959ல் டெல்லியின் பீப்பிள்ஸ் பப்ளிஷிங் ஹவுஸ் வெளியிட்ட ‘லோகாயதா’ என்ற ஆங்கில நூல்தான் அவரை வெளியுலகுக்குக் காட்டியது. பண்டைக் கிரேக்கத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜார்ஜ் தாம்சனின் முறை அந்த நூலில் ஆழப் பதிந்திருக்கிறது. பழைய நூலில் பொருள் விளங்காத பகுதிகளைப் பழங்குடிச் சமூகங்களின் வழக்கங்களோடு வைத்துப் பார்த்தால் விளங்கும் என்பது அந்த முறை. சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு விசித்திரமான காட்சி உண்டு. வெள்ளை நாய் ஒன்றை மற்ற நாய்கள் சூழ்ந்துகொண்டு, பசிக்கிறது, எங்களுக்கு உணவு கிடைக்கப் பாடுங்கள் என்று கேட்கின்றன. மறுநாள் காலையில் அவை, வேள்வியில் புரோகிதர்கள் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு நகர்வதைப் போல வரிசையாக நகர்ந்து, உட்கார்ந்து, உணவு வேண்டிப் பாடுகின்றன. பழைய உரைகாரர்கள் இங்கே தேவர்களோ முனிவர்களோ நாய் வடிவில் வந்ததாகச் சொன்னார்கள். நவீன வாசகர்களில் பலர் புரோகிதர்களைக் கேலி செய்யும் பகுதி என்று கொண்டார்கள். தேவிபிரசாத் இரண்டையும் ஏற்கவில்லை. நாயைக் குலக்குறியாகக் கொண்ட ஒரு குழு, உணவுக்காகக் கூடிப் பாடிய சடங்கின் நினைவு இது என்றார். பாட்டு அங்கே வழிபாட்டுக்கு முந்தைய நிலையில், உழைப்போடு ஒட்டி நின்றது, வாழ்வை இவ்வுலகுக்கு உள்ளேயே பார்த்த ஆதி மனநிலையின் எச்சமே பிற்கால உலோகாயதம் என்பது அவர் வாதத்தின் நடு.

இந்த வாதம் கவர்ச்சியானது, ஆனால் தாங்கக்கூடியதற்கு மேல் பாரம் ஏற்றப்பட்டது. விநாயகர் விக்கினம் செய்பவராக இருந்து விக்கினம் தீர்ப்பவராக மாறியதை யானைக் குலக்குறி கொண்ட குழுக்களின் வெற்றியோடு அவர் இணைத்தார். தாய்வழிச் சமூகம் ஒன்று எங்கும் முன்னதாக இருந்தது, அதன் வேளாண் சடங்குகளே தாந்திரிகமாக வளர்ந்தன, சாங்கியத்தின் பிரகிருதி அந்தத் தாயின் தத்துவ வடிவம் என்றும் சொன்னார். மார்கனும் பிரிஃபோவும் அளித்த மானிடவியலின் மேல் எழுந்த கட்டடம் இது. உலகெங்கும் தாயாட்சிதான் முந்தையது என்ற கருதுகோளை மானிடவியலாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். அது போனதும் கட்டடத்தின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. இன்னொரு குறையும் உண்டு. ஒரு தத்துவத்தின் தோற்றுவாய் பழங்குடிச் சடங்கில் இருக்கிறது என்று காட்டிவிட்டால், அளவை பற்றி, காரண காரியம் பற்றி அந்தத் தத்துவம் வாதிட்ட விஷயங்கள் விளங்கிவிடா. ‘லோகாயதா’ நூலில் உலோகாயதர்கள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், விதைக்கிறார்கள். அவர்கள் வாதம் செய்வது போதுமான அளவுக்குக் கேட்கவில்லை. அதே ஆசிரியர் பின்னாளில் திருத்திக்கொண்ட குறை இதுதான் என்பது என் கணிப்பு.

1976ல் வெளிவந்த அவருடைய இன்னொரு நூல், இந்தியத் தத்துவத்தில் எவை நிலைத்தன, எவை அழிந்தன என்று தலைப்பிலேயே கேட்டது. அங்கே சடங்குகள் பின்னுக்குப் போய் வாதங்கள் முன்னுக்கு வருகின்றன. அதில் அவர் எடுத்துக்கொண்டு, 1989ல் வந்த ‘பண்டைய இந்தியாவின் பொருள்முதல்வாதத்துக்கு ஆதரவாக’ என்ற பொருள்படும் நூலில் மேலும் வளர்த்த விஷயம், உலோகாயதர் அனுமானத்தை அறவே மறுத்தார்களா என்பது. பாடப்புத்தகங்கள் எல்லாம் ஆம் என்கின்றன: சார்வாகனுக்குக் காட்சி ஒன்றே அளவை, கருதல் அளவை கிடையாது. இதை ஏற்றால் அந்தத் தத்துவம் ஒரே அடியில் வீழ்ந்துவிடும். அனுமானமே கூடாது என்று நிறுவுவதற்கும் ஓர் அனுமானம் வேண்டுமே! இவ்வளவு எளிதாக வீழக்கூடிய ஒன்றை மறுக்க ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அறிவாளிகள் மெனக்கெட்டது ஏன் என்பதுதான் தேவிபிரசாத்தின் முதல் சந்தேகம். அவர் கையிலிருந்த முக்கியச் சான்று, 8ஆம் நூற்றாண்டு பௌத்தரான சாந்தரட்சிதரின் ‘தத்துவசங்கிரக’த்துக்கு அவருடைய மாணவர் கமலசீலர் எழுதிய உரை. உலோகாயதராகிய புரந்தரனின் கருத்தைக் கமலசீலர் அதில் எடுத்துக்காட்டுகிறார்: உலக வழக்கில் எல்லோரும் ஏற்கும் அனுமானத்தைச் சார்வாகரும் ஏற்கிறார்கள், உலக அனுபவத்தின் எல்லையைத் தாண்டி, மறுமையையும் ஆன்மாவையும் நிறுவப் பயன்படுத்தும் அனுமானத்தையே மறுக்கிறார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறியலாம், ஏனென்றால் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். சடங்கைக் கண்டு சொர்க்கத்தை அறிய முடியாது, ஏனென்றால் அவை இரண்டும் சேர்ந்திருந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. இது வீழ்த்தச் சிரமமான நிலைப்பாடு.

இந்தச் சான்றைக் கண்டுபிடித்தவர் தேவிபிரசாத் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘தத்துவசங்கிரகம்’ 1926லேயே பரோடாவில் அச்சாகிவிட்டது. தாஸ்குப்தாவும் தம் பிற்சேர்க்கையில் புரந்தரனைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆசிரியர் ஒரு மாறுபட்ட கருத்தாக, ஒரு தனி மனிதரின் திருத்தமாக எடுத்துக்கொண்டதை மாணவர் அந்த மரபின் அசல் நிலைப்பாடாக வாசித்தார். எந்த வாசிப்பு சரி என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. புரந்தரனுக்கு முந்தையவர்கள் அனுமானத்தை முழுவதுமாக மறுத்திருக்கலாம், எதிராளிகளின் தாக்குதலுக்குப் பிறகு அவர் இறங்கி வந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் புத்தரின் காலச் சூழலைப் பேசும் தீக நிகாயத்தின் பாயாசி சுத்தத்தைப் பாருங்கள். மறுமை இல்லை என்று வாதிடும் பாயாசி என்னும் தலைவன், மரண தண்டனை பெற்ற திருடனை உயிரோடு ஒரு பானைக்குள் இட்டு, வாயைத் தோலால் மூடி, மண் பூசி, அடுப்பில் ஏற்றச் செய்கிறான். ஆள் இறந்த பிறகு பானையை மெல்லத் திறந்து, உயிர் வெளியேறுகிறதா என்று பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை என்கிறான். கொடூரமான செயல், அதில் சந்தேகமில்லை. என்றாலும் ஒரு கருத்தைச் சோதித்து, கண்டதிலிருந்து காணாததை முடிவு செய்யும் ஒருவனை அனுமானம் அறியாதவன் என்று சொல்ல முடியுமா? அவனை எதிர்க்கும் குமார கஸ்ஸபர் பெரும்பாலும் உவமைக் கதைகளால்தான் வெல்கிறார். பௌத்தர்களே பாதுகாத்துத் தந்த உரையாடல் இது.

தமிழில் இதே வழக்கு இன்னொரு வடிவில் இருக்கிறது. மணிமேகலையின் ‘சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில், வஞ்சி மாநகரில் மாற்றுக் கோலத்தில் இருக்கும் மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு வருகிறாள். கடைசியில் பேசுபவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது அவற்றில் தனித்தனியே இல்லாத கள்ளின் களிப்பு பிறப்பதைப் போல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறான் அவன். பூதங்கள் பிரிந்தால் பறையின் ஓசை போல அது மறைந்துவிடும். காட்சியைத் தவிர கருதல் நில்லாது, மறுமை பொய். முற்பிறப்பை அறிந்தவர் உண்டோ என்று நகைக்கவும் செய்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். வாதம் அங்கே முடிந்துவிடுகிறது, பூதவாதிக்கு மறுமொழி சொல்ல இடம் தரப்படவில்லை. புரந்தரன் அந்த இடத்தில் நின்றிருந்தால் பதில் சொல்லியிருப்பார்: பெற்றோரை அறியும் அனுமானம் உலக வழக்கைச் சேர்ந்தது, நான் அதை மறுக்கவே இல்லை என்று. நூலாசிரியர் பௌத்தர், காப்பியத் தலைவி பௌத்தத்துக்குச் செல்லும் வழியில் இருக்கிறாள், மற்றச் சமயங்கள் அவள் கடந்துபோக வேண்டிய படிகள். எதிராளிக்கு எந்தக் கட்டத்தில் பேச்சு நிறுத்தப்படுகிறது என்று பார் என்பதே தேவிபிரசாத்தின் முறை, அதை இந்தக் காதையில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை தெரியும்.

ஆனால் அதே காதை அந்த முறையின் வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. எதிராளி சொல்வதை எல்லாம் திரிப்பு என்று தள்ளிவிட்டால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. மணிமேகலையின் பூதவாதி தன் கொள்கையில் ஒரு நுட்பத்தைச் சொல்கிறான்: உயிரும் உணர்வும் உடைய பூதங்கள் வேறு, உயிரும் உணர்வும் இல்லாத பூதங்கள் வேறு, அந்தந்தப் பூதத்திலிருந்தே அவ்வவை பிறக்கும், மற்றவற்றில் தானும் உலோகாயதனும் ஒன்றே. கேலிக்காகப் புனைந்த பாத்திரமாக இருந்தால் இந்த வேறுபாடு தேவைப்பட்டிருக்காது. சாத்தனார் காலத்தில் பூதவாதம் பேசியவர்களோடு யாரோ உண்மையிலேயே வாதிட்டிருக்கிறார்கள் என்றே இதிலிருந்து கொள்ளத் தோன்றுகிறது. கள்ளின் உவமையோ வடமொழி நூல்கள் பலவற்றிலும் வருவது. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத பௌத்தரும் வேதாந்தியும் ஒரே உவமையை உலோகாயதர் வாயில் வைக்கிறார்கள் என்றால் அது உலோகாயதருடையதாகவே இருக்க வேண்டும். வழக்கில் எதிர்க்கட்சிச் சாட்சிகள் தமக்குள் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே விவரத்தைச் சொன்னால் அந்த விவரத்துக்கு வலு கூடுவதைப் போன்றது இது. தேவிபிரசாத் இந்த இரண்டு அலகுகளையும் பயன்படுத்தினார்: சாட்சியின் நோக்கத்துக்குச் சாதகமானதைச் சந்தேகி, நோக்கத்துக்குத் தேவையில்லாமல் உதிர்ந்துவிட்ட விவரத்தைப் பொறுக்கு.

இந்த வேலைக்குப் பெரிய களம் 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தோடு தொடர்புடைய மாதவர் எழுதிய ‘சர்வதரிசன சங்கிரகம்’. சார்வாகம் பற்றி எழுதப்படும் எல்லா அறிமுகங்களுக்கும் ஊற்று இதன் முதல் அத்தியாயம். ஈஸ்வரசந்திர வித்யாசாகர் 1850களில் கல்கத்தாவில் அதைப் பதிப்பித்தார், 1882ல் கோவலும் கோவும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு சார்வாகன் என்றாலே கடன்பட்டாவது நெய் உண்டு களிப்பவன் என்ற சித்திரம் உலகமெங்கும் பரவிவிட்டது. மாதவரின் நூலில் சார்வாகம் முதலில் நிற்பதற்குக் காரணம் அதன் பெருமை அல்ல, ஏணியில் அடிப்படி அது, மேலே ஏற ஏற அத்வைதம் வரும். அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கமும் உலோகாயதத்தில்தான் தொடங்குகிறது. மாதவரின் அந்த ஒரே அத்தியாயத்துக்குள் ஒரே சுலோகம் இரண்டு வடிவில் இருக்கிறது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. தொடக்கத்தில் வரும்போது, வாழும்வரை இன்பமாக வாழலாம், சாவுக்குத் தப்புவது எதுவும் இல்லை என்ற கருத்தில் அது நிற்கிறது. அத்தியாயத்தின் கடைசியில் வரும்போது சாவைப் பற்றிய பகுதி போய்க் கடனும் நெய்யும் வந்துவிடுகின்றன. கொல்கத்தாவின் ராமகிருஷ்ண பட்டாச்சார்யா பல நூல்களில் இந்தச் சுலோகம் எடுத்தாளப்பட்ட வடிவங்களைத் தேடி ஒப்பிட்டு, சாவைப் பற்றிய வடிவமே பழையது, நெய் பின்னால் ஊற்றப்பட்டது என்று காட்டினார். 2009ல் வந்த அவருடைய சார்வாகம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு இந்தத் துறையின் இன்றைய அடிப்படை நூல்களில் ஒன்று. தேவிபிரசாத்தின் பழங்குடி, தாந்திரிகக் கருதுகோள்களை அவர் தூக்கிச் சுமக்கவில்லை. ஆனால் மாதவர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே, மாதவருக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்று கேள் என்ற படிப்பினையைத்தான் அவர் சுவடிச் சான்றின் துல்லியத்தோடு செய்துகாட்டினார்.

தேவிபிரசாத் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, கட்சிக்காரர், முடிவை முன்பே எழுதிவைத்துவிட்டுச் சான்று தேடியவர் என்பது. இதில் உண்மை இருக்கிறது, அது எங்கே என்று சுட்டிக்காட்டவும் முடியும். 1926ல் குஜராத்தின் பாடன் நகரில் ஜெயராசி பட்டரின் ‘தத்துவோபப்லவசிம்மம்’ என்ற நூலின் ஓலைச்சுவடி கிடைத்தது. சுக்லால்ஜி சங்கவியும் ரசிக்லால் பரீக்கும் அதை 1940ல் பதிப்பித்தார்கள். பிருகஸ்பதியை மதிப்போடு சுட்டும் ஒரு முழு நூல் கிடைத்துவிட்டதே, இனி உலோகாயதம் மூலநூல் இல்லாத மரபல்ல என்று பலர் மகிழ்ந்தார்கள். தேவிபிரசாத் மறுத்தார். ஜெயராசி காட்சி உட்பட எல்லா அளவைகளையும் தகர்க்கிறார், பூதங்கள் உண்மை என்றுகூட நிறுவ விடமாட்டார், இது பொருள்முதல்வாதம் ஆகாது, எல்லாவற்றையும் ஐயுறும் வாதம் என்றார். பட்டாச்சார்யாவும் பின்னாளில் இதே பக்கம்தான் நின்றார், எனவே வாதத்தை அற்பமாகத் தள்ள முடியாது. ஆனால் பிருகஸ்பதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவரை, பொருள்முதல்வாதத்துக்கு நாம் வகுத்த இலக்கணத்தில் அடங்கவில்லை என்பதற்காக வாசலிலேயே நிறுத்திவிடுவதில் ஆபத்து உண்டு. பரலோகத்தை மறுக்கும் மரபுக்குள்ளேயே பூதங்களை நம்பியவர்களும் எதையுமே நம்பாதவர்களும் இருந்திருக்கலாம் என்ற வாய்ப்பை தேவிபிரசாத் உரிய அளவு எடைபோடவில்லை. இங்கே அவருடைய சார்பு பார்வையை மறைத்தது. அனுமானம் பற்றிய கேள்வியிலோ அதே சார்பு, மற்றவர்கள் கண்டும் கடந்துபோன சான்றில் அவரை நிற்க வைத்தது. சார்பே இல்லாத வரலாற்றாசிரியர் ராதாகிருஷ்ணனா என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்லத் தயங்குவார்கள். சார்பு இருந்ததா என்று கேட்பதைவிட, அந்தச் சார்போடு எழுதியதைப் பிறர் சான்று கொண்டு சரிபார்க்கவும் மறுக்கவும் முடிகிறதா என்று கேட்பது பயனுள்ளது. அவர் எழுதியதில் முடிகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று. 1977ல் வந்த ‘பண்டைய இந்தியாவில் அறிவியலும் சமூகமும்’ என்ற நூலில் அவர் சரக சம்ஹிதையை ஆராய்கிறார். உடலையும் மருந்தையும் உணவையும் அனுபவத்தால் ஆராயும் பகுதிகள் மருத்துவர்களின் அசல் அறிவு, பிராமணர், பசு, வேதம், வினைப்பயன் என்று வரும் பகுதிகள் அதிகாரத்துக்கு அஞ்சிச் செலுத்திய கப்பம் என்பது அவர் முடிவு. அறிவியல் போலத் தோன்றுவதை எல்லாம் அசல், மதம் போலத் தோன்றுவதை எல்லாம் இடைச்செருகல் என்று பிரித்துவிட்டு, பிறகு அசல் நூல் அறிவியலே என்று முடிவு கட்டுவது, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதாகும். பழங்கால மருத்துவர் ஒருவர் உடலையும் ஆராய்ந்து, வினையையும் நம்பி, இரண்டிலும் உண்மையாக இருந்திருக்க முடியும் என்பதை அவர் ஏற்க மறுக்கிறார். சாந்தோக்கியத்தின் உத்தாலகர் விஷயத்திலும் இதே கதை. மகனைப் பதினைந்து நாள் நீர் மட்டும் அருந்தச் செய்து, பிறகு வேதம் சொல்லச் சொன்னால் அவனுக்கு நினைவு வரவில்லை. உண்டபின் வருகிறது. மனம் உணவால் ஆனது என்று தந்தை விளக்குகிறார். இதை உலகின் மிகப் பழைய பரிசோதனைகளில் ஒன்றாக தேவிபிரசாத் கொண்டாடியது நியாயமே. ஜெர்மானிய அறிஞர் வால்டர் ரூபன் உத்தாலகரைப் பொருளிலேயே உயிர்ப்பைக் கண்டவர் என்று முன்பே படித்திருந்தார், அந்தத் தடத்தில்தான் இவரும் போனார். ஆனால் பின்னாளில் வேதாந்தத்தின் உயிர்மூச்சாக ஆன ஆன்ம உபதேசத்தை அதே தந்தை அதே மகனுக்கு அதே அத்தியாயத்தில் செய்கிறார். அதைப் பின்சேர்க்கை என்று நறுக்கிவிடுவதற்குச் சுவடியிலோ மொழிநடையிலோ வலுவான ஆதாரம் வேண்டும்.

ஆட்சேபத்தை இவ்வளவு ஏற்ற பிறகும் அவர் பக்கம் ஒன்று மிஞ்சுகிறது. அஞ்சிச் செலுத்திய கப்பம் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டுக் கட்சிக்காரரின் கற்பனை என்று தள்ள முடியாது. தைத்திரீய சம்ஹிதை, மனிதரிடையே அலைவதால் மருத்துவன் தூய்மையற்றவன், வேள்விக்கு உரியவன் அல்லன் என்கிறது. மனுஸ்மிருதி மருத்துவர் தரும் உணவை உண்ணத் தகாத பட்டியலில் வைக்கிறது, தர்க்கத்தைச் சார்ந்து வேதத்தையும் ஸ்மிருதியையும் அவமதிப்பவனை நாத்திகன் என்று விலக்கச் சொல்கிறது. ஒன்று வேதம், மற்றது சட்ட நூல், இரண்டும் சமூகத்தின்மேல் அதிகாரம் கோரியவை. வானியலிலிருந்து இன்னும் நேரடியான சாட்சி ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டின் பிரம்மகுப்தர், கிரகணத்துக்கு ராகு காரணம் அல்ல என்று சொன்ன ஆரியபட்டர் முதலானோரை வேதமும் ஸ்மிருதியும் சொல்வதற்கு மாறானவர்கள் என்று கண்டித்தார். கிரகணத்தைக் கணக்கிடும்போதோ பூமியின் நிழலையும் சந்திரனையும் வைத்தே கணக்கிட்டார். 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இந்த முரணைப் பார்த்துத் திகைத்து, சாக்ரடீஸுக்கு நேர்ந்ததைப் போன்ற ஆபத்துக்கு அஞ்சியே பிரம்மகுப்தர் இப்படி எழுதியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். மார்க்ஸ் பிறப்பதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு முஸ்லிம் அறிஞருக்கு, நூலாசிரியர் மனத்தில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாக இருக்கக்கூடும் என்று தோன்றியிருக்கிறது. இந்தச் சான்றைத் தேவிபிரசாத் விரிவாகப் பயன்படுத்தினார். ஒவ்வொரு நூலிலும் கப்பம் இருக்கிறது என்று இதனால் நிறுவப்படாது. இருக்கிறதா என்று ஒவ்வொரு நூலிலும் கேட்டாக வேண்டும் என்பது நிறுவப்படும்.

உலோகாயத நூல்களைப் புரோகிதர்கள் திட்டமிட்டு அழித்தார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் இங்கே தனியாகப் பிரிக்க வேண்டும். நேருவும் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வில் அப்படித்தான் எழுதினார், இடதுசாரி எழுத்துகளிலும் இது அடிக்கடி வரும். ஆனால் ஓலை தானாகவே அழியும் பொருள். சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை யாராவது படியெடுத்தால்தான் ஒரு நூல் வாழும். படியெடுக்க மடமோ விகாரையோ குரு பரம்பரையோ வேண்டும். மறுமையை மறுத்தவர்களுக்குப் புண்ணியம் தேடிச் சுவடி எழுதித் தானம் செய்யும் இல்லறத்தார் கிடைக்க மாட்டார்கள். இந்தியாவில் மடங்களோடு இருந்த பௌத்தர்களின் வடமொழி நூல்களே மடங்கள் போனதும் பெரும்பாலும் இங்கே மறைந்து, திபெத்திய மொழிபெயர்ப்பிலும் கில்கித் போன்ற இடங்களிலும்தான் மிஞ்சின. மறுபக்கம், ஜெயராசியின் நூலைச் சுவடியாகக் காத்தது சமணர்கள் நிறைந்த பாடன். வாதத்துக்கு எதிராளியின் நூல் தேவைப்பட்டவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். அழித்தது பகை என்பதைவிட, பகையாவது மிஞ்சியவரை காத்தது என்பதே சான்றுக்கு நெருக்கமாக வருகிறது. தேவிபிரசாத்தின் முறைக்கு இந்த விளக்கம் எதிரானதல்ல, எது ஏன் நம் கைக்கு வந்தது என்ற அவர் கேள்வியைச் சுவடிகளின் பொருளியல்வரை கொண்டுபோவதுதான்.

அவரை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி, அவர் பிறருடைய மூலங்களுக்காகச் செலவிட்ட ஆண்டுகள். 1960களின் பிற்பகுதியிலிருந்து மிருணாள்காந்தி கங்கோபாத்யாயாவோடு சேர்ந்து நியாய சூத்திரத்தையும் வாத்ஸ்யாயனரின் பாஷ்யத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், வங்காளப் பண்டிதர் பணிபூஷண தர்க்கவாகீசரின் விளக்கத்தைச் சுருக்கிச் சேர்த்தார். லாமா சிம்பாவும் தேவிபிரசாத்தின் மனைவி அலகா சட்டோபாத்யாயாவும் திபெத்திய மொழியிலிருந்து பெயர்த்த தாராநாதரின் பௌத்த வரலாற்றை 1970ல் பதிப்பித்தார். கடைசிக் காலத்தில், 1990ல், சார்வாகம் பற்றிய மூலச் சான்றுகளையும் ஆய்வுகளையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். அதில் அவருக்கு உடன்படாதவர்களின் கட்டுரைகளும் உண்டு. இந்திய அறிவியல், தொழில்நுட்ப வரலாறு என்ற மூன்று தொகுதித் திட்டத்தின் இறுதித் தொகுதி அவர் 1993 மே மாதம் மறைந்த பிறகு, 1996ல் வந்தது. கட்சி முழக்கத்துக்கு நியாய பாஷ்யத்தின் வரிக்கு வரி மொழிபெயர்ப்பு தேவையில்லை. தன் வாதத்தைப் பிறர் சோதிக்க வேண்டிய மூலங்களை மேசையில் எடுத்து வைப்பவருக்குத்தான் அது தேவை.

தமிழில் அவரைப் படிப்போர் தொகை குறைவல்ல. 1976ன் அந்த நூலை ‘இந்தியத் தத்துவ இயலில் நிலைத்திருப்பனவும் அழிந்தனவும்’ என்று தமிழாக்கியவர், ‘பசித்த மானிடம்’ எழுதிய கரிச்சான் குஞ்சு. வடமொழியை முறையாகப் பயின்று வந்த நாவலாசிரியரின் கையால் அது தமிழுக்கு வந்தது பெரும் பேறு. ஆனால் அவருடைய முறையைத் தமிழ் மூலங்களின்மேல் செலுத்தும் வேலை இன்னும் பெரும்பாலும் பாக்கி. பௌத்தருடைய மணிமேகலை பூதவாதியைக் காதையின் கடைசியில் வைக்கிறது. சமணருடைய நீலகேசியும் பூதவாதச் சருக்கத்தைத் தன் பத்துச் சருக்கங்களில் கடைசியாகவே வைக்கிறது. சைவருடைய சித்தியாரோ உலோகாயதனை வாசற்படியில் நிறுத்தி முதலில் தீர்த்துவிட்டு மேலே போகிறது. மூன்று சமயம், மூன்று காலம், மூன்றும் ஒன்றையொன்று ஏற்காதவை. நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவரின் விரிந்த உரையும் இருக்கிறது. இம்மூன்றும் உலோகாயதர் வாயில் வைக்கும் வாதங்களை வரிசையாக எழுதி, எவை மூன்றிலும் பொதுவாக வருகின்றன, எவை மாதவரிடமும் கமலசீலரிடமும் வருகின்றன, எவை தமிழில் மட்டுமே வருகின்றன என்று பிரித்துப் பார்த்தால், உயிருள்ள பூதம், உயிரற்ற பூதம் என்ற அந்தப் பிரிவு தென்னாட்டுப் பூதவாதிகளின் சொந்தக் கருத்தா, எல்லா இடத்திலும் இருந்து வடக்கில் மட்டும் தொலைந்துபோனதா என்பது தெரியவரும்.